தொண்ணூற்றாறாம் வரிசை

அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். ஒன்று, என் முழங்கால் எப்படி இருக்கிறது. இரண்டு, பீன்ஸ் விதை எப்போது வரும். மூன்று, விதைக்கடைக்காரர் இந்த வாரத்துக்குள் பதில் கேட்கிறார், அவரிடம் வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குனிந்தால் எழ மனமில்லை, எழுந்தால் குனிய மனமில்லை. மூன்றாவதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதற்குத்தான் இத்தனை தாள்.

விதை வராது, அக்கா. இந்தப் பருவத்துக்கு மட்டுமல்ல, அடுத்ததற்கும் வராது.

போன வாரம் நீ போன் செய்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். "விதை எப்படா வரும்? உங்க அத்தான் நிலத்தை உழுது போட்டுட்டு தபால்காரரையே பாத்துட்டு இருக்காரு" என்றாய். "சரியா கேக்கல, இங்க சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

உன் வயலில் இரண்டு வருடம் தொடர்ந்து கருகல் விழுந்ததை நான் மறக்கவில்லை. இலையில் எண்ணெய் சிந்தியது போல ஒரு புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள், பத்தாம் நாள் இலை முழுவதும் தீயில் காட்டிய காகிதம். இரண்டாம் முறை வந்து பார்த்தபோது வரப்பில் நின்றுகொண்டு, "கவலைப்படாத, அடுத்த வருஷம் நம்ம விதை" என்று சொன்னவன் நான்தான். "உன் செடி வர்றதுக்குள்ள நான் மண்ணாப் போயிடுவேன்டா" என்று நீ சொன்னாய். அத்தான் ஒரு காயை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அவர் நம்பிவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

எங்கள் நிலையத்தில் என்ன செய்கிறோம் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. சொன்னால்தான் நடந்தது புரியும்.

நீங்கள் போடுகிற நீளக்காய் ரகம்தான் அம்மா. காய் நேராக, நார் இல்லாமல், சந்தையில் நிற்கும். ஆனால் கருகலை ஒரு வாரம்கூடத் தாங்காது. அப்பன் வேறொரு ஜாதி. குட்டைச் செடி, கோணல் காய், விதை மிளகை விடச் சற்றுப் பெரிது. யாரும் வாங்க மாட்டார்கள், சும்மா கொடுத்தாலும் சமைக்க மாட்டார்கள். ஆனால் அதன் மேல் எந்தக் கருகல் கிருமியும் பிடிப்பதில்லை. அந்தக் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, பிள்ளைகளில் காய் அம்மாவைப் போலவும் உடம்பு அப்பனைப் போலவும் இருக்கிற ஒன்றைத் தேட வேண்டும். அதற்காக முதலில் தொண்ணூற்றாறு வரிசை நட்டோம். ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் எல்லாச் செடிக்கும் வேண்டுமென்றே நோயைக் கொடுப்போம். விழுந்ததைக் கழித்துவிட்டு, நின்றதில் விதை எடுத்து, மறுபடி நடுவோம்.

நோய் கொடுப்பது என் வேலை. லேபில் தட்டில் வளர்த்த பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். அதைக் கிருமிப் பால் என்போம். ஒரு கையில் அந்தக் குவளை, இடுப்பில் கட்டிய பையில் ஸ்பிரிட் பாட்டில், மறு கையில் சிறிய கத்தரி. கத்தரியை ஸ்பிரிட்டில் ஒரு முக்கு, கிருமிப் பாலில் ஒரு முக்கு, இலை ஓரத்தில் ஒரு வெட்டு. அடுத்த செடி. மறுபடி ஸ்பிரிட்டில் முக்கு. ஒரு செடியில் ஒட்டியிருக்கும் வேறு அழுக்கு இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்பதற்காக ஸ்பிரிட். லேப் சுவரில் டாக்டர் தன் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது: 'ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தரியை ஸ்பிரிட்டில் நனைக்கவும்.' டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எங்கள் பிரிவின் தலைவர். வருகிற மாதத்துக்கு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்.

நான் என்ன ஆள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கோடு போடாத நோட்டில் கோடு போட்டு எழுதினவன். ஆறு வருடத்தில் ஒரு செடிக்குக்கூட ஸ்பிரிட் முக்காமல் விட்டதில்லை. ஒன்றாம் வரிசையில் தொடங்கி, எண் தவறாமல், கடைசி வரிசையில் போய் முடிப்பேன். முடியும்போது உச்சி வெயிலாகிவிடும்.

பத்து நாள் கழித்து இலை பார்த்து மதிப்பெண் போடுவது இன்னொருவர் வேலை. ஒன்று என்றால் ஒரு புள்ளியும் இல்லை, ஒன்பது என்றால் செடி செத்தது. அந்தப் பெண்மணிக்குப் பெயரே 'ஒன்பது' ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார். கேன்டீன் டீ ஏழு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆறு. தன் மருமகன் நாலு, "ஆனா பரவுற நாலு அண்ணே, அடுத்த வருஷம் எட்டுக்குப் போயிடும்." என் ஸ்பிரிட் வேலையைப் பார்த்து, "கத்தரிய இப்படிக் குளிப்பாட்டுறீங்களே, வீட்ல குழந்தைங்களையாவது தினமும் குளிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டவரும் அவர்தான். நான் சிரித்துவிட்டு முக்குவதைத் தொடர்ந்தேன்.

வருடம் ஆக ஆக வரிசைகள் கழிந்தன. மிஞ்சியவை பழைய எண்ணிலேயே, பழைய ஒழுங்கிலேயே நின்றன. முன்பக்கத்தில் ஏழாம் வரிசை மட்டும் வருடா வருடம் இரண்டு மதிப்பெண்ணில் நின்றது. ஆனால் காய் அப்பனைப் போலவே கோணல். "அரிவாள் மாதிரி இருக்கு, இதை எந்த டப்பாவுல அடுக்குவாங்க?" என்று டாக்டர் தள்ளிவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசி வரிசை தொண்ணூற்றாறு. இலையில் ஒரு புள்ளி இல்லை. காய் விரல் போல நேர். நீ போடுகிற ரகத்தையும் அதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே எது எது என்று தெரியாது.

"அம்மாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. அப்பன் ஜாடை கொஞ்சம்கூட இல்லையே அண்ணே" என்று ஒன்பது சொன்னார்.

"அதான் வேணும்" என்றேன்.

இப்போது நினைத்தால், அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றிருக்கலாம்.

நின்றிருக்கக்கூடிய இடம் இன்னொன்றும் இருந்தது. வயலின் தலைமாட்டில் ஒரு வரிசை, கால்மாட்டில் ஒரு வரிசை, அம்மா ரகத்தை நடுவோம். நோய் சரியாகப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள. தலைமாட்டு வரிசை வருடா வருடம் ஒன்பது வாங்கிச் செத்தது. கால்மாட்டு வரிசை ஒன்றிரண்டைத் தாண்டியதில்லை. "அந்தப் பக்கம் சுவர் நிழல்" என்று நான்தான் சொன்னேன். நோட்டிலும் எழுதினேன். 'நிழல்.' ஆறு வருடமும் அதே சொல், அதே அழகான கையெழுத்து.

தொண்ணூற்றாறை விவசாயிகளுக்கு வெளியிடக் கமிட்டிக்கு எழுதியாகிவிட்டது. முதலில் விதை கொடுக்க வேண்டிய இருபது பேரில் அத்தான் பெயர் நாலாவது. எழுதியது நான். கமிட்டி ஒரு கடைசிச் சோதனை கேட்டது. அதையும் நட்டோம்.

நோய் கொடுக்க வேண்டிய அன்று காலையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, வயலின் தலைமாடு முழங்கால் வரை சேறாகக் கிடந்தது. வெயில் ஏறினால் ஓரளவு காயும், அதுவரை சும்மா நிற்க வேண்டாம் என்று, வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினேன். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி.

பத்தாம் நாள் காலை ஒன்பது என்னைத் தேடிக்கொண்டு விதைக்கூடத்துக்கே வந்தார். பேனாவை மூடாமல் கையில் பிடித்திருந்தார்.

"அண்ணே, வந்து பாருங்க."

"எத்தனை?"

"வந்து பாருங்கண்ணே."

தொண்ணூற்றாறு கருகிக் கிடந்தது. ஒன்றிரண்டு செடி அல்ல, முப்பதும். அதே எண்ணெய்ப் புள்ளி, அதே மஞ்சள். உன் வயலில் நின்ற மாதிரியே இருந்தது எனக்கு. தலைமாட்டுக்கு நடந்து போனேன். அங்கே வருடா வருடம் சாகிற அம்மா ரகம் பச்சைப் பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். "புதுக் கிருமி" என்றார். "நம்ம கிட்ட இருக்கறது இல்ல, எங்கிருந்தோ புதுசா வந்திருக்கு. பழைய கிருமி இருக்கிற இடத்துக்கு இந்த ரகம் இன்னும் தாங்கும். அப்படியே எழுதி அனுப்பிடலாம்."

"தலைமாட்டுல ஒண்ணுமே வரலையே சார்?"

"சேறுப்பா அங்க. நீ வழுக்கிட்டே வெட்டியிருப்ப, சரியா பட்டிருக்காது."

அப்படியும் இருக்கலாம்தான். நான் தலையாட்டினேன். அவர் சொன்னபடி எழுதி அனுப்பினால், சில நிபந்தனைகளோடு ரகம் வெளியாகிவிடும். நாலு வாரத்தில் உன் வீட்டுக்கு ஒரு மூட்டை வந்திருக்கும். அத்தான் விதைத்திருப்பார். டாக்டர் மாலையோடு வீட்டுக்குப் போயிருப்பார். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் வந்திருக்காது, நாற்பது நாள் வரைக்கும்.

அன்று சாயங்காலம் கத்தரியைக் கழுவும்போதுதான் கவனித்தேன். ஸ்பிரிட்டிலிருந்து எடுத்ததும் அதன் முனையில் ஒரு சொட்டு தொங்குகிறது. அந்தச் சொட்டு எங்கே போகும்? அடுத்த முக்கில் கிருமிப் பாலுக்குள். வரிசைகள் கழிந்த பிறகும் ஒரு காலைக்குத் தொள்ளாயிரம் முக்கு. குவளையில் காலையில் இருக்கிற கிருமி, உச்சி வெயிலில் பாதி மயக்கம், கடைசி வரிசைக்குப் போகும்போது முழுச்சாவு. நான் ஆறு வருடமாகத் தொண்ணூற்றாறாம் வரிசைக்குக் கொடுத்தது நோய் அல்ல, செத்த கிருமி மிதக்கிற தண்ணீர். சுவர் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

அக்கா, ஒரு சோம்பேறி இந்த வேலையைச் செய்திருந்தால் இது நடந்தே இருக்காது. வரிசைக்கு ஒரு முறை முக்கிவிட்டுப் போயிருப்பான். நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வேறு குவளை கரைத்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார ஒரு முக்காலி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாமல் முப்பது தொட்டியில் அம்மா ரகம் எடுத்துக்கொண்டேன். பத்துக்கு வெறும் கிருமிப் பால். பத்துக்குக் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தது. பத்துக்கு, நானே தொள்ளாயிரம் முறை முக்கி முடித்த குவளையின் மிச்சம். ஆமாம், சும்மா உட்கார்ந்து, செடி இல்லாமல், தொள்ளாயிரம் முறை முக்கினேன். ஒன்பது வந்து எட்டிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள். நீ போன் செய்தது அதில் ஆறாம் நாள். இப்போது புரிகிறதா, ஏன் சிக்னல் போனது என்று?

பதினோராம் நாள் டாக்டர் அறைக்கு மூன்று தொட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் கருகல். மற்ற இரண்டில் இலை துடைத்து வைத்தது போல் இருந்தது. மேஜையில் கமிட்டிக்கான கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார். எழுந்து லேபுக்குப் போய், சுவரில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"நனைக்கவும்னு எழுதியிருக்கேன்" என்றார். "நனைச்சிட்டு ஆற விடணும்னு எழுதல. அது எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியல சார்."

"கேட்டிருக்கலாமே?"

"தாள்ல இருந்ததைத்தான் செஞ்சேன். அதுல சந்தேகம் வரல."

அவர் தாளைக் கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மூலையில் ஒட்டு விட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். பிறகு திரும்பி, "ஆறு வருஷம்" என்றார். "என் பேருல ஒரு ரகமாவது வரும்னு இருந்தேன்பா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கமிட்டிக்கு யார் எழுதறது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார் எழுதணும்."

"நான் எழுதினா புதுக் கிருமின்னு கை தானா போகும். நீயே எழுது. உன் கையெழுத்துதான் அழகா இருக்கே."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஸ்பிரிட், சொட்டு, நிழல் என்று எழுதிய ஆறு வருட நோட்டு, எல்லாம். என் தவறு என்று நான் போட்டிருந்த இடத்தில் அவர் பேனாவால் 'எங்கள்' என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியீடு நின்றுவிட்டது. பட்டியலில் இருந்த இருபது பெயரையும் நான்தான் அடித்துவிட்டேன். அத்தான் பெயரை அடிக்கும்போது ஸ்கேல் வைத்து அடித்தேன். பழக்கம்.

ஒன்பதிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "இந்த ஆறு வருஷத்துக்கு என்ன மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"போங்கண்ணே, அதுக்கெல்லாம் நம்ம கிட்ட ஸ்கேல் இல்ல" என்றார். பிறகு தன் டப்பாவிலிருந்து பாதி பிஸ்கெட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

ஏழாம் வரிசை ஞாபகம் இருக்கிறதா, கோணல் காய்? காலையில் முதலில், குவளை உயிரோடு இருக்கும்போது, ஆறு வருடமும் முழு நோயை வாங்கிக்கொண்டு இரண்டில் நின்றது அது ஒன்றுதான். இந்த வருடம் அதற்கு விழுந்ததும் செத்த தண்ணீர்தான். அதனால் அந்த முப்பது தொட்டிக்குக் கொடுத்த அன்றே, வயலில் நின்ற அதன் செடிகளுக்கும், காய்ந்த கத்தரியால், புதிதாகக் கரைத்த பாலை மறுபடி கொடுத்துப் பார்த்தேன். மறுபடியும் இரண்டு. அப்பன் குணம் அதில் இருக்கிறது. அம்மா ஜாடை வருவதற்கு அதை மறுபடி உங்கள் ரகத்தோடு சேர்க்க வேண்டும்.

நேற்றும் இன்றும் அதைத்தான் செய்தேன். உங்கள் ரகத்தில் நாளை விரியப் போகிற மொட்டை இன்றே பிரித்து, இடுக்கியால் உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஏழாம் வரிசைப் பூவின் தூளைத் தடவி, நூல் கட்டி, சீட்டு மாட்டினேன். பன்னிரண்டு மொட்டு. என் கண்ணுக்கு இப்போது இரண்டு கண்ணாடி வேண்டியிருக்கிறது. எத்தனை பிடிக்கும் என்று தெரியாது. நாலு பிடித்தால் நல்லது. டாக்டர் ஒரு முறை வந்து பின்னால் நின்று பார்த்தார். "நான் இருக்க மாட்டேன்" என்றார். "தெரியும் சார்" என்றேன். எனக்கு ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கிறது. இதற்கு ஏழு வருடம் வேண்டும். எனக்குப் பின் வருகிறவர் எப்படிப்பட்டவரோ. தாளில் 'ஆற விடவும்' என்று சேர்த்து எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நோய் கொடுக்கத் தொடங்குகிற வரிசையைச் சீட்டுப் போட்டு எடுக்கவும் என்றும் எழுதியிருக்கிறேன்.

இனி உன் மூன்றாவது கேள்வி. கடைக்காரரிடம் பீன்ஸ் வேண்டாம் என்று சொல். அந்த நிலத்தில் இந்தப் பருவம் சோளம் போடுங்கள். போன வருடச் செடியின் மிச்சம் எதுவும் வயலில் கிடக்கக்கூடாது, நோய் அதில் தங்கும். உன் மச்சுப் பானையில் போன வருட பீன்ஸ் விதை எடுத்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதைச் சமைத்துவிடு. விதைக்காதே. அடுத்த வருடம் கட்டாயம் பீன்ஸ்தான் என்று அத்தான் நின்றால், மழை குறைந்து கருகல் பரவாத வறண்ட பக்கத்திலிருந்து வந்த விதைதானா என்று கேட்டு வாங்குங்கள். நம்ம விதை என்று நான் சொன்னதை அவர் மறக்க மாட்டார். மறந்துவிடுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இதை அவரிடம் உன் வாயால் சொல்லி, தம்பிக்காக மென்று விழுங்காதே. கடிதத்தை அப்படியே கையில் கொடு. அவர் படித்து முடித்ததும், திட்டுவதாக இருந்தால் போன் செய்யச் சொல். சிக்னல் இருக்கும்.

தம்பி